மூன்றாம் நாள்: குடி, மருத்துவம், உரைநடை

1

தமிழ் உரைநடையில் குடிப்பவனுக்கு இரண்டு கதைகள்தாம் உண்டு. ஒன்றில் அவன் குடும்பத்தை அழித்துத் தானும் அழிகிறான். வாசகன் பாடம் பெறுகிறான். மற்றதில் அவன் தன்னை அழித்துக்கொண்டு, அந்த அழிவில் எதையோ கண்டுவிடுகிறான். வாசகன் பரவசம் பெறுகிறான். முதல் கதையைச் சீர்திருத்தவாதி எழுதினான். இரண்டாவதைச் சிறுபத்திரிகைக்காரன் எழுதினான். எழுதியதைவிட நண்பர்களைப் பற்றிப் பேசிப் பேசியே அதை அதிகம் உருவாக்கினான். இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள் என்று தோன்றும். அப்படியில்லை. இரண்டிற்கும் பொதுவான தேவை ஒன்று இருக்கிறது: குடிப்பவன் சாக வேண்டும். அவன் சாகாவிட்டால் பாடமும் இல்லை, பரவசமும் இல்லை.

மூன்றாவது கதை ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நெடுங்காலம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்துகிறான். முதல் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் வருவதில்லை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் கழிந்து மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன. இல்லாத ஆட்கள் பேசுகிறார்கள். தான் இருக்கும் இடமும் நாளும் அவனுக்குத் தெரிவதில்லை. 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நடுக்க ஜன்னிக்குப் பெயர் வைத்தார். காரணம் எளியது. தினசரி மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுக்க மூளை தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. மது நின்றதும் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கவனிக்காமல் விட்டால் இதில் மனிதன் சாவது உண்டு. கவனித்தால், பெரும்பாலும் நான்கைந்து நாட்களில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான்.

நம் கதைகள் ஒன்றுகூட இந்த மூன்றாம் நாள் வரை போவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. சீர்திருத்தக் கதை அவன் கடைக்குப் போகும் வழியில் நின்றுவிடுகிறது. கலகக் கதை அவன் கடையிலிருந்து திரும்பும் வழியில் நின்றுவிடுகிறது. கஞ்சி கேட்கிறவனைப் பற்றி நமக்கு எழுதத் தெரியவில்லை. ஒன்றிரண்டு விதிவிலக்குகள் இருக்கலாம், அவை மரபாகவில்லை.

2

இந்த விஷயத்தைப் பேசச் சேலத்தைவிடப் பொருத்தமான நிலம் இல்லை. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளைச் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவே சேர்வராயன் மலை. அதன்மேல் ஏற்காடும், காப்பித் தோட்டங்களும், வெள்ளக்கடை போன்ற மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும்.

தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்டவன் அதியமான். அவன் இறந்தபோது ஒளவை பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவன் கள்ளை எப்படிப் பகிர்ந்தான் என்பதிலிருந்தே அவள் புலம்பல் தொடங்குகிறது. இதை வைத்துச் சங்க காலத்தில் குடி குற்றமாக இருக்கவில்லை என்று சொல்வது வழக்கம். சரிதான், ஆனால் அது பாதி. அந்தப் பாட்டில் கள் ஒரு பண்டம் அல்ல, ஓர் உறவின் அளவை. குறைவாக இருந்தால் யாருக்கு, நிறைய இருந்தால் எப்படி என்பதுதான் அங்கே விஷயம். தனியே குடிக்கிறவன் சங்கக் கவிதைக்குப் பொருளே அல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவனோ பெரும்பாலும் தனியே குடிக்கிறவன்; பாட்டிலை அரிசிப் பானைக்குள்ளும் கழிவறையின் மேல்தட்டிலும் ஒளித்து வைக்கிறவன். ஆகவே கலகக்காரர்கள் தங்கள் குடிக்குச் சங்கத்தைச் சாட்சிக்கு அழைப்பது செல்லாது. பகிர்தல் நின்ற இடத்தில்தான் நோய் தொடங்குகிறது.

குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அங்கே தொனி மாறிவிடுகிறது: தாயின் முன் அவமானம், ஊரார் சிரிப்பு, தன்னை இழத்தல். ஆனால் வள்ளுவர் ஒன்றைத் துல்லியமாகக் கண்டார். வெறியில் இருப்பவனிடம் நியாயம் பேசுவது, நீருக்குள் முழுகியவனைத் தீப்பந்தத்தோடு தேடப் போவது போல என்று உணர்ந்தார். தர்க்கத்தால் இவனை மீட்க முடியாது என்பதை மருத்துவம் ஒப்புக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. ஒரு வித்தியாசம்: மருத்துவம் பந்தத்தைக் கரையில் வைத்துவிட்டு நீருக்குள் இறங்கியது.

பிறகு ராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை வந்தது. மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை; ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை. பத்து இதழ்களோடு நின்றது. தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ‘மணிக்கொடி’யில் தொடங்கி இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டுவதற்குக் காரணமும் இருக்கிறது: பிரசாரம். ஆனால் ஒரு சமூகத்தின் கதை சொல்லும் முறையை ஒரு சிறிய பத்திரிகை எவ்வளவு தூரம் தீர்மானித்துவிட முடியும் என்பதற்கு இது உதாரணம். குடிகாரக் கணவன், பசித்த குழந்தை, அடகுக்குப் போகும் பாத்திரம், கடைசியில் சாவு அல்லது சபதம் என்கிற சட்டகம் மேடை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பரவி ஊறிப்போயிற்று.

இந்தச் சட்டகத்தில் பொய் இல்லை. பாத்திரம் அடகுக்குப் போனது உண்மை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மனைவியையும் குழந்தையையும் இந்தக் கதைகள் பார்த்தன; குடிப்பவனைப் பார்க்கவில்லை. அவன் ஏன் நிறுத்த முடியாமல் இருக்கிறான் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அவன் விரும்பவில்லை, அவ்வளவுதான். விருப்பம் மாறினால் விமோசனம். விருப்பம் என்ற சொல்லுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் நவீன இலக்கியம் என்று ஒன்று தோன்றியது. ‘விமோசனம்’ அந்தக் கதவைத் தட்டவில்லை.

அதன் தர்க்கம் அரசாணையாயிற்று. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதலமைச்சராக இருந்த சென்னை மாகாணத்தில், சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போர்க்காலத்தில் விலக்கப்பட்டு, 1948இல் மாகாணம் முழுதும் வந்து, 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இலிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. விலக்கிய கையே விற்கிற கையானதைக் கிண்டல் செய்வது சுலபம். பத்திரிகைகள் போதுமான அளவு செய்துவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விலக்கியபோதும் விற்கும்போதும் அரசின் கண்ணில் பட்டது மதுதான், மனிதன் அல்ல. மதுவைப் பற்றிய அபிப்பிராயம் ஒன்று. இந்த மனிதனைப் பற்றிய அறிவு வேறொன்று. இரண்டாவதற்குத்தான் மருத்துவர் வேண்டியிருக்கிறது.

3

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ 1917இல் அச்சாயிற்று. 1953இல் திரைப்படமாகத் தமிழுக்கு வந்தது. காதலில் தோற்றவன் குடித்துச் சாவது கௌரவமான சாவு என்ற எண்ணம் தென்னாட்டில் பரவ அந்தப் படம் செய்ததை எந்த நாவலும் செய்யவில்லை. சிறுபத்திரிகைகள் இதைக் கேலி செய்தன. ஆனால் கேலி செய்தபடியே, காதலி இருந்த இடத்தில் கலையை வைத்து, அதே கதையை உள்ளே அழைத்துக்கொண்டன. கலைக்காகக் குடித்தான், சமூகத்தோடு ஒட்ட முடியாமல் குடித்தான், நுண்ணுணர்வு தாங்காமல் குடித்தான். இரங்கல் கூட்டங்களில் இவை கேட்கும் வாக்கியங்கள். இருமுனைக் கோளாறோ, மனச்சோர்வோ, வறுமையோ, அப்பா விட்டுச் சென்ற உடல்வாகோ, வேறெதுவோ எல்லாவற்றையும் இந்த ஒரு ‘தாங்காமல்’ விழுங்கிவிடுகிறது. விமர்சனம் நடக்க வேண்டிய இடத்தில் கற்பூரம் காட்டப்படுகிறது.

ஜி. நாகராஜனை எடுத்துக்கொள்வோம். வேறு யாரையும்விட அவர்மேல்தான் இந்தப் பரிவட்டம் அதிகம் கட்டப்பட்டிருக்கிறது. ‘குறத்தி முடுக்கு’ 1963. ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974. கணிதம் படித்தவர், கற்பித்தவர். கடைசி ஆண்டுகளில் குடியும் கஞ்சாவும் அவர் உடம்பை அரித்ததை நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். இன்று அந்த மருத்துவமனைக்கு ராஜாஜியின் பெயர் என்பதில் ஒரு கசப்பான பொருத்தம் இருக்கிறது: முதல் கதையின் ஆசிரியர் பெயர் தாங்கிய கட்டடத்தில் இரண்டாம் கதையின் நாயகன்.

ஆனால் நாகராஜன் அந்த இரண்டாம் கதையை எழுதினாரா? இதைச் சோதிக்க ஓர் அமெரிக்க உதாரணம் உதவும். ஜான் பெரிமன் என்ற கவிஞர் 1970இல் மினியாபொலிஸில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் குடிக்குச் சிகிச்சை பெற்றார். அதை ‘மீட்சி’ என்ற நாவலாக எழுத ஆரம்பித்தார். முடிக்கவில்லை. 1972 ஜனவரியில் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். நாவல் முடியாமலே 1973இல் வெளிவந்தது. 1975இல் லூயிஸ் ஹைட் என்ற இளைஞர் ஒரு கவிதைப் பத்திரிகையில் பெரிமனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஹைட் ஆஸ்பத்திரியின் குடிநோய்ப் பிரிவில் ஆலோசகராக வேலை பார்த்தவர். அவர் சொன்னது இதுதான்: பெரிமனின் புகழ்பெற்ற கனவுப் பாடல்களில் நாம் ஆழ்ந்த துக்கம் என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி துக்கம் அல்ல, சுயபரிதாபம், பேசுவது கவிஞன் அல்ல, புட்டி. அந்தக் குரலைத் தினமும் வார்டில் கேட்டிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரிந்தது. பெரிமனைச் சுற்றியிருந்த விமர்சகர்களும் பதிப்பாளர்களும் அந்தக் குரலுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹைட் கொஞ்சம் அதிகமாகவே போகிறார் என்பது என் எண்ணம். குடிப்பவனுக்கும் உண்மையான துக்கம் இருக்கலாம். ஒரே வரியில் இரண்டு குரல்களும் இருக்கலாம். ஆயினும் அந்தக் கட்டுரை ஓர் அளவுகோலைத் தந்தது: எழுத்தில் சுயபரிதாபம் எங்கே நுழைகிறது என்று பார். இந்த அளவுகோலை ‘நாளை மற்றுமொரு நாளே’யின்மேல் வைத்தால் என்ன கிடைக்கிறது? ஒன்றும் கிடைக்கவில்லை. கந்தனின் ஒரு நாளைச் சொல்லும் அந்த நாவலில் குடி பாபமும் அல்ல, தீரமும் அல்ல. அது அன்றைய நாளின் வேலைகளில் ஒன்று. கந்தன் தனக்காக அழுவதில்லை. ஆசிரியர் அவனுக்காக அழுவதில்லை. வாக்கியங்கள் தெளிவாக, கணக்குப் போடுகிறவனின் சிக்கனத்தோடு நிற்கின்றன. அதாவது நாகராஜனின் மிகச் சிறந்த எழுத்தில் புட்டி பேசவே இல்லை. அவர் எழுதியது குடியினால் அல்ல. குடி விட்டுவைத்த தெளிவினால். புட்டி ஜெயித்த ஆண்டுகளில் அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. போட்டால் பரிவட்டம் அவிழ்ந்துவிடும்.

4

நாகராஜன் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1980இல், சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கியது. தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். மருத்துவர் அல்லர், சமூகப்பணி படித்தவர். டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த அவர் கணவர் 1979இல் குடிநோயால் இளவயதில் இறந்தார். சாந்தி மினசோட்டா மாநிலத்து ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். பெரிமன் தோற்ற அதே மாநிலத்தின் சிகிச்சை முறை இந்திரா நகருக்கு வந்தது: நஞ்சு நீக்கும் மருத்துவம், தனி ஆலோசனை, குழுவாகப் பேசுதல், குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருதல். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் இதற்கென்று தனிப் பிரிவு எழுந்தது. அடிமைநோய் மருத்துவம் என்பது நம்மிடையே ஒரு துறையாயிற்று.

இந்தத் துறை தமிழுக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது: குடிநோயாளி. முதலில் கேட்கும்போது செயற்கையாக இருக்கிறது. ‘குடிகாரன்’ எவ்வளவு இயல்பு! ஆனால் அந்த இயல்பை உரித்துப் பார்க்க வேண்டும். தோட்டக்காரன், வண்டிக்காரன், பால்காரன் என்ற வரிசையில் வருவது குடிகாரன். அது ஒருவனுடைய தொழிலையே குடி என்று சொல்லிவிடுகிறது. அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. குடிநோயாளி என்ற சொல் நோயையும் ஆளையும் பிரிக்கிறது. நோய் போனாலும் ஆள் இருப்பான் என்கிறது. குடி என்பதற்கே தமிழில் வீடு, வம்சம், ஊர் என்றெல்லாம் பொருள் இருப்பதை வைத்து நாம் பழமொழி செய்தோம், சினிமா வசனம் செய்தோம். சிலேடையைத் தாண்டி யோசித்தது ஆஸ்பத்திரிதான்.

நோய் என்ற கருத்தும் புதிதல்ல. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804லேயே குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்று எழுதினார். பாதிரிகளுக்கு அது பிடிக்கவில்லை. பாபத்தை நோயென்றால் பொறுப்பு போய்விடும் என்ற பயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளி தன் சாப்பாட்டுக்குப் பொறுப்பில்லை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. நோய்க்கு அவன் காரணம் அல்ல, சிகிச்சைக்கு அவன் பொறுப்பு. இந்த இரட்டை வாக்கியத்தைத் தாங்கும் வலு நம் கதைகளுக்கு இல்லை. அவை ஒன்று குற்றவாளியைக் கேட்கின்றன, அல்லது பலியாட்டைக் கேட்கின்றன.

அந்த மருத்துவர் என்ன செய்கிறார்? முதல் நாள் நரம்பை அமர்த்தும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைக்கிறார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 விட்டமின் ஊசி போடச் சொல்கிறார். இந்த வரிசை தவறினால் நினைவு நிரந்தரமாகப் போகக்கூடும். அப்படிப் போனவர்களை 1887இல் ருஷ்ய மருத்துவர் கர்சகாவ் விவரித்தார். அவர்களிடம், நேற்று எங்கே போனாய் என்று கேட்டால் போகாத ஊரைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். பொய் அல்ல, அவர்கள் அதை நம்புகிறார்கள். நினைவில் விழுந்த ஓட்டையை மூளை கதையால் அடைக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பது நல்லது. கற்பனையின் உச்சம் என்று நாம் நினைப்பது சிலருக்கு விட்டமின் பற்றாக்குறை.

பிறகு அவர் கேட்கிறார். அதுதான் பெரும்பகுதி. ‘நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்’ என்று தொடங்கும் கதையை வாழ்நாள் முழுதும் ஆயிரம் பேரிடம் கேட்கிறார். கதை ஒன்றேதான் என்று அவருக்குத் தெரியும். சொல்கிறவன் ஒருவனேயல்ல என்றும் தெரியும். சொல்லப்படுவதை நம்பாமல், சொல்கிறவனை நம்புவது அவர் தொழில். நல்ல விமர்சகனுக்கு இதைவிடச் சிறந்த வரையறை எனக்குத் தெரியவில்லை.

1948இல் டென்மார்க்கில் டைசல்பிராம் என்ற மருந்தின் குணம் தெரியவந்தது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து கண்டுகொண்டார்கள். குடிப்பவன் தன் சம்மதத்தோடு தன்னைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் வேலி அது. இங்கே என்ன ஆயிற்று? ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்ற சுவரொட்டியை எல்லா ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். சாம்பாரில் கலந்துவிடுவது. தெரியாமல் மருந்து உள்ளே போனவன் வழக்கம்போலக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்கிறது மருத்துவம். இந்தச் சுவரொட்டி ‘விமோசன’க் கதையின் மாத்திரை வடிவம். அவனிடம் பேசாதே, அவனுக்குத் தெரியாமல் அவனைத் திருத்து.

5

மருத்துவரின் கதையையும் கேள்வி கேட்காமல் விடுவதற்கில்லை. அதற்கும் ஒரு மோஸ்தர் உண்டாகிவிட்டது: வீழ்ந்தேன், எழுந்தேன், இப்போது பிறருக்கு வழிகாட்டுகிறேன். விழுந்த உயரத்தை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு கைதட்டல். இது பழைய பக்த சரித்திரத்தின் சட்டகம். தவிர, ‘மறுவாழ்வு மையம்’ என்ற பலகைக்குப் பின்னால் இரும்புக் கதவும் அடியும் இருக்கிற இடங்கள் உண்டு என்பதை நாளிதழ் படிக்கிற எவரும் அறிவார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இத்தகைய இடங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்ததால் கதவு திறந்துவிட்டது என்று பொருள் அல்ல. நோயாளி என்ற சொல்லையே விலங்காக்கவும் முடியும்.

ஆனால் இந்தக் குறைகளுக்கு அடியில், மூன்றாவது கதை வடிவ ரீதியாக ஒன்றைச் சாதித்திருக்கிறது. அதை நாம் இலக்கியமாகக் கவனிக்கவில்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் ‘பெயரில்லாத குடிநோயாளர்கள்’ இயக்கம் தொடங்கியது. இருவரும் குடிநோயாளிகள். மருத்துவரே நோயாளியாக உட்கார்ந்து இன்னொரு நோயாளியிடம் பேசியது முக்கியம். அந்தக் கூட்டங்கள் இன்று தமிழிலும் நடக்கின்றன. ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்கிறார். பெயர் முழுதும் சொல்வதில்லை. மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்த வாரம் அதே கதை மீண்டும் சொல்லப்படுகிறது. ஆனால் அதே கதை அல்ல, ஏனென்றால் இடையில் ஏழு நாட்கள் குடிக்காமல் போயிருக்கின்றன, அல்லது போகவில்லை. உச்சம் இல்லை, முடிவு இல்லை, ஆசிரியன் இல்லை. கதை எப்போதும் ‘இன்று’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. நவீனத்துவத்தின் பெயரால் நாம் கேட்டதெல்லாம், அதாவது முடிவின்மை, ஆசிரியனின் மறைவு, அன்றாடத்தின் நிகழ்காலம், இவை ஒரு பள்ளிக்கூட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களிடம் சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கின்றன.

மீண்டும் குடித்துவிடுவது இந்தக் கதையில் முடிவு அல்ல என்பது இன்னும் முக்கியமானது. நம் இரண்டு கதைகளிலும் சபதம் முறிந்தால் திரை விழும். மருத்துவரின் குறிப்பேட்டில் அது இன்னொரு பதிவு. இரத்த அழுத்தம் மீண்டும் ஏறியதைக் குறிப்பதுபோல அவர் குறித்துவிட்டு, எந்த நாள், யாரோடு, என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கிறார். இந்தக் கேள்விகள் நாவலாசிரியனின் கேள்விகள். நாம் கேட்காமல் விட்டவை.

1989 முதல், திருவாரூர்ப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில், சாந்தி ரங்கநாதனின் நிறுவனம் சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோனது. இரண்டு வார முகாம். ஊர்க்காரர்களே இடமும் ஆதரவும் தந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர முடியாத விவசாயக் கூலிகள் அங்கே வந்தார்கள். என்னைக் கவர்வது எண்ணிக்கை அல்ல. குடியால் ஊருக்கு அந்நியமானவன் ஊரின் கண்ணெதிரிலேயே உடம்பு தேறுகிறான். அதியமானின் காலத்தில் கள் செய்த காரியத்தை, பகிர்தலை, இங்கே கள்ளின்மை செய்கிறது.

6

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேர்வராயனுக்குக் கிழக்கே அடுத்த மலைத்தொடர் கல்வராயன். அதன் அடிவாரத்துச் சீமை அது. நோயாளிகளில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 1937இல் மதுவை முதலில் விலக்கிய ஊருக்கு, 87 ஆண்டுகள் கழித்து, அந்தப் படுக்கைகள் வந்து சேர்ந்தன.

மெத்தனால் உடம்பில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கத் தனி மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர் கொடுப்பது சுத்தமான எத்தனால், அதாவது மது. விஷச் சாராயத்துக்கு மாற்று, அளந்து கொடுத்த சாராயம். இந்த உண்மையை ‘விமோசன’த்தின் எந்தக் கதைக்குள் வைப்பீர்கள்? தேவதாஸின் எந்தக் காட்சிக்குள் வைப்பீர்கள்? இரண்டிலும் இடமில்லை. ஏனென்றால் இரண்டும் மதுவுக்கு ஒரு குணம் உண்டு என்று நம்புகின்றன: ஒன்றுக்கு அது அசுரன், மற்றதற்கு அது தேவி. மருத்துவருக்கு அது ஒரு பொருள். குணம் மனிதனுக்கு.

வெள்ளக்கடையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி மலையிறங்கிச் சேலத்துக்குச் சிகிச்சைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மிளகுக் கொடி ஏறும் மரங்களுக்கு நடுவே வேலை, குளிர், சம்பள நாளில் கையில் காசு. அவனை ‘விமோசனம்’ பாபி என்று எழுதும். நம் பத்திரிகையோ அவனை எழுதாது. அவன் கவிஞன் அல்லனே. குடித்து அழிவதற்கும் நாம் ஒரு தகுதி வைத்திருக்கிறோம். கலைஞனின் குடி ஞானம், கூலிக்காரனின் குடி புள்ளிவிவரம். இரண்டு பேருக்கும் மூன்றாம் நாள் சுவரில் ஊர்வது அதே பூச்சிகள்தாம். ஜன்னி ஜாதி பார்ப்பதில்லை, பிரசுரமான புத்தகங்களை எண்ணுவதில்லை.

அவன் நான்காம் நாள் கஞ்சி கேட்கிறான். பதினைந்தாம் நாள் மலை ஏறுகிறான். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றிலும் சாலை தான் வந்த திசையையே பார்க்கத் திரும்புகிறது, ஆனால் சற்று உயரத்தில். ஆறு மாதம் கழித்து அவன் மீண்டும் வரலாம். மருத்துவர் குறிப்பேட்டைத் திறப்பார். இதை எழுத ஒரு உரைநடை வேண்டும்: அழாத, கைதட்டாத, திரும்ப வருவதைத் தோல்வி என்று கருதாத உரைநடை. நாகராஜனிடம் அதற்கான வாக்கியம் இருந்தது. அதைப் படிக்காமல் அவருடைய சாவைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த இரங்கல் கூட்டத்துக்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். நம்மிடையே இப்போது குடித்துக்கொண்டிருக்கிற இளைஞனுக்குத் தேவை வாசகன் அல்ல, மருத்துவர். அவனுடைய கவிதைக்குத் தேவை மருத்துவர் அல்ல, வாசகன். இரண்டையும் குழப்பிக்கொள்கிற விமர்சனம் அவனையும் கொல்லும், கவிதையையும் கொல்லும்.